கண் ஓரத்துச் சுருக்கம், யாருக்கும் தெரியாத தையல்: யார் இந்த டாக்டர் சூசான் நோயல்?

இன்ஸ்டாகிராம் ஃபில்டர் ஒன்றைத் தட்டினால் போதும், கண்ணின் வெளி ஓரம் லேசாக மேலே ஏறிவிடும். ஐந்து வயது குறைந்த மாதிரி இருக்கும். ஃபில்டரை எடுத்துவிட்டால் பழைய முகம் திரும்ப வந்துவிடும். ஃபில்டர் செய்வதைக் கத்தியால் செய்துகொள்ள இன்று க்ளினிக்குகள் இருக்கின்றன. விளம்பரத்தில் தவறாமல் வரும் வார்த்தை 'நேச்சுரல் லுக்'. அதாவது, செய்துகொண்டதே தெரியக்கூடாது.

இந்த 'தெரியக்கூடாது' என்ற விஷயத்தை நூறு வருஷத்துக்கு முன்பே பாரிஸில் ஒரு பெண் டாக்டர் தன் வேலையின் மையமாக வைத்திருந்தார். அவரிடம் வந்த பெண்களில் பலர் அழகுக்காக வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் வந்தார்கள். அந்த டாக்டரின் பெயர் சூசான் நோயல். அழகியல் அறுவை சிகிச்சையின் வரலாற்றில் முதல் வரிசையில் வைக்கப்படும் பெயர். மருத்துவ வட்டத்துக்கு வெளியே நம்மில் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

கணவரின் அனுமதியோடு கல்லூரி

பிரான்ஸின் வடக்கே லான் என்ற ஊரில் 1878 ஜனவரி 19-ல் பிறந்தார். வசதியான குடும்பம். 19 வயதில், 1897-ல் ஹென்றி பெர்ட்டா என்ற தோல் மருத்துவருடன் திருமணம். அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பெண்ணின் கதை பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

இவர் விஷயத்தில் முடியவில்லை. 1905-ல், 27 வயதில், மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. அப்போதைய பிரெஞ்சுச் சட்டப்படி, திருமணமான பெண் முக்கியமான முடிவு எதையும் கணவரின் சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது. கணவரிடம் கேட்காமல் வேலைக்குப் போகும் உரிமை பிரெஞ்சு மனைவிகளுக்கு முழுசாகக் கிடைத்தது 1965-ல்தான். 1905-ல் பெர்ட்டா மறுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் மறுக்கவில்லை.

1908-ல் மகள் ஜாக்லின் பிறந்தாள். கைக்குழந்தையோடு படிப்பு, ஆஸ்பத்திரிப் பயிற்சி. பயிற்சியில் இவருக்குக் கிடைத்த ஆசிரியர்களில் ஒருவர் ஹிப்போலிட் மொரஸ்டாங். கரீபியன் தீவான மார்ட்டினிக்கில் பிறந்தவர், முக அறுவை சிகிச்சையில் அன்றைய பாரிஸின் பெரிய கை. பின்னாளில் பிளாஸ்டிக் சர்ஜரியின் தந்தை என்று பெயர் வாங்கிய ஹெரால்டு கில்லீஸே, மொரஸ்டாங் அறுவை செய்வதைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கே வந்தார். இரண்டாவது முறை பார்க்கப் போனபோது மொரஸ்டாங் உள்ளே விடவில்லை என்பது தனிக் கதை.

ஒரு நடிகையின் முகம்

1912 வாக்கில் பாரிஸ் முழுக்கப் பேச்சு. அமெரிக்கா போய்விட்டு வந்த நாடக நட்சத்திரம் சாரா பெர்னார்ட் இளமையாகத் திரும்பியிருக்கிறார்! அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. தலைமுடிக்குள் தோலில் ஒரு பட்டையை வெட்டி எடுத்து இழுத்துத் தைத்ததுதான் ரகசியம். நெற்றியும் கண்ணின் மேல்பகுதியும் சரியானது, முகத்தின் கீழ்ப்பாதி அப்படியே இருந்தது. மேலே ஒரு வயது, கீழே ஒரு வயது. அதைச் சரிசெய்து கொடுத்தது இன்னும் பட்டம் வாங்காத நம்ம சூசான் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அந்தச் செய்தியைப் படித்ததும் அவர் கண்ணாடி முன் நின்று தன் முகத்தின் தோலையே விரலால் கிள்ளிப் பார்த்தாராம். எந்த இடத்தில் எவ்வளவு பிடித்தால் எந்தச் சுருக்கம் மறைகிறது? பின்னாளில் அவருடைய முறையே இந்தக் கிள்ளலில் இருந்து வந்ததுதான்.

அதற்குள் முதல் உலகப் போர் வந்துவிட்டது. பதுங்குகுழியில் இருந்து தலையை நீட்டிய சிப்பாய்களுக்குக் குண்டு பட்டது முகத்தில். தாடை இல்லாமல், மூக்கு இல்லாமல், இமை இல்லாமல் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை 'உடைந்த முகங்கள்' என்றார்கள். டாக்டர்கள் போதாததால், பட்டம் முடிக்காதவர்களும் சிகிச்சை தரலாம் என்று அனுமதி வந்தது. 1916-ல் சூசான் பாரிஸின் வால்-த-கிராஸ் ராணுவ மருத்துவமனையில் மொரஸ்டாங்கிடம் முகத்தைத் திரும்பக் கட்டும் வேலையைக் கற்றார்.

இமை போய்விட்டால் கண்ணை மூட முடியாது, மூட முடியாத கண் காய்ந்து பார்வை போகும். அழகுக்கு முன்னால் இமைக்கு ஒரு வேலை இருக்கிறது என்பது இப்படிப்பட்ட வார்டில் நின்றவருக்குப் புத்தகம் பார்க்காமலே தெரிந்திருக்கும்.

கண் ஓரத்தில் அப்படி என்ன இருக்கு?

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். இந்த இடம் புரிந்தால்தான் அவர் செய்தது புரியும்.

கண்ணுக்கு இரண்டு மூலை. மூக்கை ஒட்டியது உள் மூலை, காது பக்கம் இருப்பது வெளி மூலை. பெரும்பாலானவர்களுக்கு வெளி மூலை உள் மூலையைவிட ஓரிரு மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். அந்த ஓரிரு மில்லிமீட்டர்தான் முகத்துக்கு விழிப்பான களையைத் தருகிறது. அது இறங்கினால், நல்லா தூங்கி எழுந்தவரைப் பார்த்தும் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

மேல் இமையும் கீழ் இமையும் மூலைகளில் சேர்ந்து, தசைநார் வழியாகக் கண்குழி எலும்போடு கட்டப்பட்டிருக்கின்றன. மாடியில் துணி காயப்போடும் கொடியை நினைச்சுக்கோங்க. இரண்டு முனையும் இறுக்கமாக இருக்கும் வரை கொடி நேராக நிற்கும். வயசாக வயசாக வெளி முனைக் கட்டு தளர்கிறது, கீழ் இமை தொய்கிறது. இதோடு கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு தசை இருக்கிறது. ஒவ்வொரு சிரிப்புக்கும் அது சுருங்கி, வெளி ஓரத்துத் தோலை மடிக்கும். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான். இதே மடிப்பு பல வருஷம் விழுந்து, வெயிலும் சேர்ந்துகொண்டால், அது கோடாகவே தங்கிவிடும். காக்கைக் கால் சுருக்கம் என்பது இதுதான்.

இன்று கட்டைச் சரிசெய்ய இரண்டு வழி இருக்கின்றன. தசைநாரை வெட்டாமல் ஒரு தையலால் மட்டும் இறுக்குவது கேந்தோபெக்ஸி. வெட்டிப் பிரித்து, வேறு உயரத்தில் எலும்போடு மறுபடி கட்டுவது கேந்தோபிளாஸ்டி. இரண்டாவது பெரிய வேலை, ரிஸ்க்கும் பெரிசு. சுருக்கத்துக்கு மட்டும் என்றால் பலரும் போடாக்ஸ் ஊசியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கண் ஓரச் சுருக்கத்துக்கு அதைப் போட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது 2013-ல்.

நோயலின் காலத்தில் ஊசி கிடையாது. தோலைக் கொஞ்சம் வெட்டி எடுத்துத் தைப்பதுதான் வழி. கேள்வி என்னவென்றால், 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு? கீழ் இமையில் கொஞ்சம் கூடுதலாக வெட்டினால், இமை கீழே இழுபட்டு வெளிப்பக்கம் பிரளும். கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும். கண்ணீர் வழியும், கண் காயும், எரியும். எடுத்த தோலைத் திரும்ப ஒட்ட முடியாது. முகத்தில் வேறு எங்கேயும் இவ்வளவு சின்ன தப்புக்கு இவ்வளவு பெரிய விலை இருக்காது என்று நினைக்கிறேன்.

உட்கார வைத்துத்தான் அளப்பார்

நோயலின் வழி எளிமையானது. பெரிய ஆபரேஷன் ஒன்றுக்குப் பதிலாகச் சின்னச் சின்னதாகப் பல. நோயாளியை எதிரே உட்கார வைத்து, தோலை விரலால் பிடித்து, கண்ணாடியில் காட்டுவார். எவ்வளவு பிடித்தால் முகம் தெளிகிறது, எங்கே தாண்டினால் இழுத்த மாதிரி ஆகிறது என்று இரண்டு பேரும் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வர, தானே வடிவமைத்த உலோக அச்சுகளை வைத்துக் கோடு போடுவார். வெட்டு முடியின் ஓரத்திலோ இயல்பான மடிப்பிலோ விழும்படி பார்த்துக்கொள்வார். முன்பும் பின்பும் போட்டோ எடுப்பார்.

உட்கார வைப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். படுத்தால் முகத்தின் தொய்வு பின்னால் சரிந்துவிடும், எல்லாரும் இளமையாகத்தான் இருப்போம். படுத்திருக்கும் முகத்தில் அளந்தால் கணக்கு தப்பும். இன்றும் இமை அறுவைக்கான குறிகளை நோயாளி நிமிர்ந்து இருக்கும்போது, மரத்துப்போகும் ஊசியால் இடம் வீங்கும் முன்பே போடுகிறார்கள்.

மயக்க மருந்து கிடையாது, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. மரத்துப்போக வைக்கும் மருந்தே கண்ணில் இருந்துதான் தொடங்கியது: 1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கோகைன் சொட்டுகளைப் போட்டுக் கண் அறுவை சாத்தியம் என்று காட்டினார். நோயலின் காலத்துக்குள் அதைவிடப் பாதுகாப்பான நோவோகைன் வந்துவிட்டது. ஆனா ஆன்டிபயாடிக் இல்லை. பெனிசிலின் பரவலாகக் கிடைத்தது 1940-களில்தான். சின்ன வெட்டு என்பது வெறும் அழகியல் ரசனை இல்லை, சீழ் பிடிக்காமல் தப்பிக்கும் வழியும்கூட.

ஆபரேஷன் நடந்தது பெரும்பாலும் பாரிஸில் அவருடைய வீட்டோடு சேர்ந்த கன்சல்டிங் அறையில். முடிந்ததும் தையல் தெரியாமல் முடியை வாரிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆஸ்பத்திரி வாசம் இல்லை, வாரக்கணக்கில் லீவு இல்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. அவரிடம் வந்தவர்களில் லீவு கேட்க முடியாதவர்கள் நிறைய. போர் முடிந்த பிரான்ஸில் கணவனையோ மகனையோ இழந்து, நாற்பது ஐம்பது வயதில் சம்பாதிக்க வேண்டிய நிலையில் இருந்த பெண்கள். கடையில் விற்பவர், மேடையில் நடிப்பவர் என்று பல தரப்பு. முகத்தில் வயசு தெரிந்தால் இளம்பெண் ஒருத்திக்கு அந்த வேலை போய்விடும். முகத்தைச் சரிசெய்துகொண்டது முதலாளிக்குத் தெரிந்தாலும் கதை அதேதான். அதனால் ரிசல்ட் இயல்பாக இருப்பது சோற்றுப் பிரச்சினை. வசதியானவர்களிடம் கட்டணம் வாங்கினார், முடியாதவர்களுக்கு இலவசமாகவே செய்தார்.

இதையெல்லாம் தொகுத்து 1926-ல் புத்தகமாக எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'அழகியல் அறுவை சிகிச்சை: அதன் சமூகப் பங்கு'. 1932-ல் ஜெர்மனிலும் வந்தது. சக டாக்டர்கள் பலர் இந்தத் துறையையே வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிய காலம் அது. அவர்கள் பயந்ததிலும் நியாயம் உண்டு. 1928-ல் பாரிஸில் ஒரு பெயர்பெற்ற சர்ஜன், இளம்பெண் ஒருவரின் காலை ஒல்லியாக்கப் போய், கால் அழுகி, வெட்டியே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நல்லா இருக்கும் உடம்பில் கத்தி வைக்கலாமா என்ற கேள்வி கோர்ட்டு வரை போனது, டாக்டருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதே 1928-ல்தான் பிரெஞ்சு அரசு நோயலுக்கு லீஜியன் ஆஃப் ஹானர் விருது கொடுத்தது.

இழப்புகளின் ஆறு வருஷம்

இந்த இடத்தை எழுதும்போதே கஷ்டமா இருக்கு. 1918-ல் கணவர் பெர்ட்டா இறந்தார். 1919-ல் கூடப் படித்த ஆந்த்ரே நோயலைத் திருமணம் செய்துகொண்டார். நாம் இன்று சொல்லும் பெயர் அவருடையது. 1922-ல் மகள் ஜாக்லின் இறந்தாள். பதினாலு வயதுகூட நிறைந்திருக்காது, அல்லது அப்போதுதான் நிறைந்திருக்கும். மன அழுத்தத்தில் விழுந்த ஆந்த்ரே 1924-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அடுத்த வருஷம், 1925-ல், 47 வயதில், சூசான் தன் ஆய்வேட்டைக் கொடுத்து முறைப்படி டாக்டர் பட்டம் வாங்கினார். படிப்பில் சேர்ந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அவர் போர்க்கால அனுமதியிலும் கணவர்களின் நிழலிலும்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது.

கத்தி ஒரு கையில், ரிப்பன் தொப்பியில்

இப்போ ஒரு கேள்வி வரும். வயசான பெண்ணை வேலையை விட்டு அனுப்புவது முதலாளியின் தப்பு. அதற்குப் பெண்ணின் கண் ஓரத்தை வெட்டுவது எப்படித் தீர்வாகும்? நோயலைப் படிக்கும்போது எனக்கும் இது உறுத்தியது. அவருடைய வேலை அந்த அநியாயத்துக்கு ஒத்துப்போனது என்று சொன்னால் முழுசாக மறுக்க முடியாது.

ஆனா அவர் கத்தியோடு நிற்கவில்லை. பிரான்ஸில் பெண்களுக்கு அப்போது ஓட்டு கிடையாது. ஓட்டு வேண்டும் என்று எழுதிய ரிப்பனைத் தொப்பியில் கட்டிக்கொண்டு வெளியே போவார். ஓட்டுப் போட விடாத அரசுக்குப் பெண்கள் வரி கட்டக்கூடாது என்று பிரசாரம் செய்தார். அமெரிக்காவில் 1921-ல் தொடங்கிய வேலைபார்க்கும் பெண்களின் அமைப்பான சொரோப்டிமிஸ்ட் சங்கத்தை, தன் வாழ்க்கையின் மிக மோசமான வருஷமான 1924-ல் பாரிஸில் ஆரம்பித்தார். பிறகு ஆம்ஸ்டர்டாம், வியன்னா, பெர்லின் என்று ஊர் ஊராகப் போய்க் கிளைகள் தொடங்க வைத்தார். போகும் இடத்தில் உள்ளூர் டாக்டர்களுக்குத் தன் அறுவை முறையையும் காட்டுவார். 1930-ல் அந்த அமைப்பின் ஐரோப்பியக் கூட்டமைப்புக்கு முதல் தலைவர் ஆனார்.

சட்டம் மாறும் வரை அடுத்த மாசச் சம்பளம் காத்திருக்காதே! அந்தப் பெண்ணுக்கு இன்றைக்குச் சின்னத் தையல், எல்லாருக்கும் நாளைக்கு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆள் செய்ததில் எனக்கு முரண்பாடு குறைவாகத்தான் தெரிகிறது.

தெரிந்தால் உயிர் போகும்

1940-ல் ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்தது. அறுபது வயது தாண்டிய நோயல் வேலையை நிறுத்தவில்லை. கெஸ்டபோ போலீஸ் தேடிய யூதர்களுக்கும் எதிர்ப்புப் போராளிகளுக்கும் முக அமைப்பை மாற்றிக் கொடுத்தார்.

செக்போஸ்ட்டில் ஒருவன் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். முகம் வேறு மாதிரி இருக்க வேண்டும், ஆனால் அறுத்தது தெரியக்கூடாது. புதுத் தழும்பு ஒன்று கண்ணில் பட்டால் போதும், அடுத்த கேள்வி வந்துவிடும். முப்பது வருஷமாகக் கடைப் பெண்களுக்கும் நடிகைகளுக்கும் பழகிய அதே கைதான் இங்கேயும். போட்டோவைக் கவனமாக எடுத்து வைக்கும் டாக்டருக்கு, இந்த நோயாளிகளைப் பதிவு செய்வதே ஆபத்து.

போர் முடிந்ததும் வதை முகாம்களில் இருந்து உயிரோடு திரும்பியவர்கள் வந்தார்கள். பட்டினியும் அடியும் முகத்தில் விட்டுப்போன அடையாளங்களை, பணம் வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்.

1945 ஏப்ரல் 29-ல் பிரெஞ்சுப் பெண்கள் முதன்முறையாக உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். நோயலுக்கு அப்போது 67 வயது.

1954 நவம்பர் 11-ல் பாரிஸில் இறந்தார், வயது 76. நவம்பர் 11 பிரான்ஸில் அரசு விடுமுறை. முதல் உலகப் போர் ஓய்ந்த நாள். அவரிடம் வந்த 'உடைந்த முகங்கள்' போர்முனையில் இருந்து வருவது நின்ற நாளும் அதுதான்.